ஒரு மணி நேர வகுப்பு போதாது, வேன் அண்ணனையும் கூப்பிடுங்கள்

கேள்வி: மேடம், நாங்கள் பெங்களூரு கே.ஆர். புரத்தில் இருக்கிறோம், சொந்த ஊர் வேலூர் பக்கம். காரா (மத்திய அரசின் தத்தெடுப்பு அமைப்பு) மூலம் தத்தெடுத்த எங்கள் பையனுக்கு இப்போது ஒன்பது வயது, மூன்றாம் வகுப்பு. எங்கள் வீட்டுக்கு வந்தபோது ஒன்றேகால் வயது. அவனைப் பெற்றவருக்குக் குடிப்பழக்கம் இருந்ததாக அன்றைக்குக் கொடுத்த அறிக்கையில் ஒரு வரி இருந்தது, நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. போன மாதம் ஒரு குழந்தை நல மருத்துவர் அந்த வரியைப் பார்த்துவிட்டு எஃப்.ஏ.எஸ்.டி., அதாவது கருவிலேயே மதுவால் வந்த பாதிப்பாக இருக்கலாம் என்றார். பையன் தினமும் தண்ணீர் பாட்டிலைத் தொலைக்கிறான். சாப்பிடாமலே சாப்பிட்டேன் என்கிறான். திட்டினால் சிரிக்கிறான். நேற்று வந்த கணக்கு இன்று வரவில்லை. மாமியார் "செல்லம் கொடுத்துக் கெடுத்துட்ட, நாலு போட்டா சரியாப் போயிடும்" என்கிறார். பள்ளி முதல்வருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை, ஆனால் நல்லவர். "நீங்களே வந்து எங்கள் டீச்சர்களுக்கு ஒரு மணி நேரம் சொல்லுங்களேன்" என்கிறார். நான் என்ன சொல்வது? இதை நானும் டீச்சர்களும் எங்கே படிப்பது? (பெயர் வேண்டாம்)

பதில்: வணக்கம். இந்த விஷயத்தில் ஒரு முதல்வர் தானாகவே "வந்து சொல்லுங்கள்" என்று கூப்பிட்டதை நான் அதிகம் பார்த்ததில்லை, அதனால் அந்த வாய்ப்பை வீணாக்கிவிடக் கூடாது என்ற பதைப்போடுதான் இதை எழுதுகிறேன். எங்கே படிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள், சொல்கிறேன். ஆனால் யார் யார் படிக்க வேண்டும் என்பதை முதலில் பேசிவிடலாம். உங்கள் பட்டியலில் டீச்சர்கள் மட்டும்தான் இருக்கிறார்கள். காலையில் அவனை ஏற்றி இறக்குகிற வேன் அண்ணன், சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் நிற்கிற ஆயா, பி.டி. மாஸ்டர், டியூஷன் அக்கா, வீட்டில் மாமியார் எல்லோரும் அதில் வர வேண்டும்.

இந்தப் பெயரையே முதல் முறை கேட்கிறவர்களுக்காகச் சுருக்கமாக. கர்ப்ப காலத்தில் தாய் குடிக்கும் மது நஞ்சுக்கொடி வழியாக நேராகக் குழந்தையின் ரத்தத்துக்குப் போகிறது, அதை உடைத்து வெளியேற்றும் வலு அந்தச் சின்னக் கல்லீரலுக்கு இல்லை. உருவாகிக்கொண்டிருக்கும் உறுப்புகளில் அதிகம் அடிபடுவது மூளை. இப்படிக் கருவிலேயே மதுவால் வரும் வளர்ச்சிக் குறைபாடுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து வைத்த பெயர்தான் எஃப்.ஏ.எஸ்.டி. (ஃபீட்டல் ஆல்கஹால் ஸ்பெக்ட்ரம் டிஸார்டர்). 1968இல் பிரான்ஸின் நான்த் நகரில் பால் லெமுவான் என்ற மருத்துவர் 127 குழந்தைகளைப் பார்த்து இதை எழுதினார், அப்போது பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 1973இல் அமெரிக்காவின் சியாட்டிலில் ஜோன்ஸ், ஸ்மித் என்ற இருவர் லான்செட் மருத்துவ இதழில் எழுதிய பிறகுதான் ஃபீட்டல் ஆல்கஹால் சிண்ட்ரோம் என்ற முதல் பெயரே வந்தது. அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது. நான் மருத்துவ உளவியல் படித்தபோது எங்களுக்கு இதைப் பற்றிக் கிடைத்தது ஒரு பத்தி, கூட ஒரு குழந்தையின் முகப் படம். அவ்வளவுதான்.

அந்தப் படம்தான் பல பேரை ஏமாற்றிவிடுகிறது. நீளம் குறைந்த கண் திறப்பு, மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவில் பள்ளம் இல்லாமல் வழவழப்பு, மெல்லிய மேலுதடு என்று மூன்று அடையாளம் படித்துவிட்டு, குழந்தையின் முகத்தைப் பார்த்து "இது இல்லை" என்று அனுப்பிவிடுகிறார்கள். முகம் உருவாவது கர்ப்பத்தின் ஆரம்ப வாரங்களில், மூளை உருவாவதோ கடைசி மாதம் வரை. அதனால் முகத்தில் ஒன்றுமே இல்லாமல் மூளையில் மட்டும் பாதிப்போடு இருக்கும் குழந்தைகள்தான் அதிகம். ஐ.க்யூ.வும் பல பேருக்குச் சாதாரண அளவிலேயே இருக்கும், வாய் நன்றாகப் பேசும். "இவ்வளவு பேசத் தெரியுது, பாட்டிலைப் பத்திரமா வெக்கத் தெரியாதா?" என்று எல்லோரும் கேட்பது அதனால்தான்.

உங்கள் மருத்துவர் "இருக்கலாம்" என்று சொன்னது சரி. இதை உறுதிசெய்ய ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது, ஸ்கேனில் ஒன்றும் தெரியாமலே போகலாம். நினைவு, கவனம், மொழி, கணக்கு, அன்றாட வேலைகள் என்று தனித்தனியாகச் சோதித்து, இதே மாதிரி தோற்றம் தரும் மற்ற காரணங்களையும் விலக்கித்தான் சொல்ல முடியும். பெற்றவர் குடித்தார் என்று எழுத்தில் ஒரு வரி இருப்பது தத்துக் குழந்தைகளில் பல பேருக்குக் கிடைக்காதது, அந்த அறிக்கையின் நகலைப் பத்திரமாக வையுங்கள். ஓசூர் சாலையில் மத்திய அரசின் மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸில் குழந்தைகள் மனநலப் பிரிவு இருக்கிறது, அங்கே போகலாம். ஒரே நாளில் முடியாது, பல நடை ஆகும். ஆனால் இதுதான் என்று உறுதிசெய்யும் சீட்டு கைக்கு வரும்வரை காத்திருக்காதீர்கள், நான் கீழே சொல்வது எதுவும் இந்தக் குறைபாடு இல்லாத குழந்தைக்கும் கெடுதல் செய்யாது.

சரி, அந்த ஒரு மணி நேரம்.

தயவுசெய்து மூளைப் படத்தோடு பவர்பாயின்ட் போடாதீர்கள். நான் டீச்சர்கள் முன்னால் நிற்கும்போது இப்படித்தான் ஆரம்பிக்கிறேன். நம்மைப் போல வெளியூரிலிருந்து பெங்களூருக்கு வந்தவர்கள் அங்கே நாலைந்து பேராவது இருப்பார்கள். முதல் மாதம் பி.எம்.டி.சி. பஸ்ஸில் ஏறியதை நினைத்துப் பாருங்கள் என்பேன். கூட்டம், சத்தம், கண்டக்டர் "எல்லிகே? சில்லறெ கொடி, முந்தெ ஹோகி" என்று ஒரே மூச்சில் சொல்கிறார். முதல் சொல்லை மனதில் பிடித்து அர்த்தம் பார்ப்பதற்குள் கடைசிச் சொல் போய்விட்டது. அவர் முகத்தில் கோபம். நாம் என்ன செய்தோம்? தலையை ஆட்டினோம், அசட்டுச் சிரிப்பு சிரித்தோம், தப்பான நிறுத்தத்தில் இறங்கினோம். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் காரணமே இல்லாமல் அழுகை, இல்லையென்றால் யார் மேலாவது எரிச்சல். இப்போது நமக்குக் கன்னடம் வந்துவிட்டது, அந்தக் குழந்தைக்கு மட்டும் எல்லாப் பேச்சும் தினமும் அந்த வேகத்தில்தான் வந்து விழுகிறது, அதுவும் தாய்மொழியிலேயே. நான் இதைச் சொல்லும்போதெல்லாம் அறையில் யாராவது ஒரு டீச்சர் முகம் மாறும். "அப்ப அவன் சிரிச்சது என்னைக் கேலி பண்ணி இல்லையா மேடம்?" என்று ஒருமுறை ஒரு மிஸ் எழுந்து கேட்டார். அந்தக் கேள்வி வந்துவிட்டால் வகுப்பில் பாதி வேலை முடிந்தது.

அதற்கப்புறம் உங்கள் பையனின் நாலு விஷயங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், நீங்கள் கடிதத்தில் எழுதிய அதே நாலு. சாப்பிடாமல் சாப்பிட்டேன் என்று சொல்வது பெரும்பாலும் பொய்யே இல்லை. நினைவில் ஓட்டை இருக்கிறது, கேட்கிறவர் பதிலுக்காகக் காத்திருக்கிறார், உடனே மூளை அந்த ஓட்டையைக் கிடைத்ததைப் போட்டு அடைக்கிறது, நேற்று சாப்பிட்டது இன்று சாப்பிட்டதாகிவிடுகிறது. சொல்லும்போது அவனும் அதை நம்புவான். அதனால் "சாப்பிட்டியா?" என்று கேட்கவே வேண்டாம், "டப்பாவைத் திறந்து காட்டு" போதும். "ஏன் இப்படிச் செய்தாய்?" என்ற கேள்வியையும் அந்தப் பள்ளியிலிருந்து கொஞ்ச காலம் ஒதுக்கிவைக்கச் சொல்லுங்கள், அதற்கும் அவன் ஒரு கதை கட்டத்தான் வேண்டியிருக்கும், அப்புறம் அந்தக் கதைக்கும் சேர்த்து அடி விழும். கணக்கு நேற்று வந்து இன்று வராமல் போவது சோம்பல் இல்லை. போட்டுவைத்த இடத்திலிருந்து எடுக்கிற வழிதான் சில நாள் திறக்கிறது, சில நாள் திறப்பதில்லை. வேறு நோட்டு, வேறு மிஸ், வேறு நாற்காலி என்றால்கூடப் புதுக் கணக்காகத் தெரியும். நிஜச் சில்லறையைக் கையில் கொடுத்துப் பாருங்கள், ஐந்து ரூபாய் பென்சிலுக்குப் பத்து ரூபாய் கொடுத்தால் மீதி என்ன என்று. காகிதத்தில் வராதது கையில் வரலாம்.

தண்டனை பற்றி ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். பல பள்ளிகளில் வேலை முடிக்காதவனுக்கு பி.டி. பீரியடை வெட்டுவது வழக்கம். இந்தக் குழந்தைகளுக்கு அது நாள் முழுக்கச் சேர்ந்த நெருக்கடியை இறக்கிவைக்கிற ஒரே இடம், அதை வெட்டினால் மூன்று மணிக்கு யாரையாவது அடித்துவிட்டுத்தான் வருவான். காலையில் செய்த தப்புக்கும் மத்தியானம் பறிபோன விளையாட்டுக்கும் உள்ள தொடர்பு அவன் மனதில் விழுவதே இல்லை.

இதை நான் இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சின்னப் பெண்ணுக்கு ஸ்டார் சார்ட் எழுதிக் கொடுத்தேன், வாரம் முழுக்க ஒழுங்காக இருந்தால் சனிக்கிழமை பரிசு என்று. மூன்று வாரத்தில் ஒரு நட்சத்திரம்கூட ஒட்டவில்லை. நீங்கள் வீட்டில் சரியாகப் பின்பற்றவில்லை என்று அந்தப் பெற்றோரைக் கடிந்துகொண்டேன், அந்த அம்மா ஒன்றும் பேசாமல் சார்ட்டைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார். சனிக்கிழமை என்பதே அந்தக் குழந்தைக்குப் பிடிபடாத ஒரு சொல் என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் புரிந்தது. பிழை என் அறிவுரையில் இருந்தது. நான் படித்திருந்தால் அந்த வீட்டில் மூன்று வாரம் அழுகை மிச்சமாகியிருக்கும்.

இப்போது உங்கள் மாமியார். பெரியவர்களை உட்காரவைத்து வகுப்பெடுத்தால் எடுபடாது, அவர் கையில் ஒரு வேலையைக் கொடுங்கள். அல்சூரில் ஒரு வீடு எனக்குத் தெரியும். அந்தப் பேரன் பள்ளியிலிருந்து வந்ததும் அவன் அம்மா "ஷூவைக் கழட்டி வெளிய வை, கை கழுவு, டிபன் டப்பாவைத் தொட்டியில போடு" என்பார். அவன் நேராகப் போய் டப்பாவை மட்டும் ஷூவோடு போய்ப் போட்டுவிட்டு வருவான், தினமும் சண்டை. பாட்டிதான் ஒருநாள் வாசலிலேயே முக்காலி போட்டு உட்கார்ந்தார். அவன் வந்தால் "ஷூ" என்று ஒரு சொல். கழட்டி வைக்கும்வரை வாயே திறக்கமாட்டார், வெற்றிலையை மென்றுகொண்டிருப்பார். அப்புறம் "கை". ஈரக் கையோடு திரும்பி வந்ததும் "டப்பா". தினமும் அதே முக்காலி, அதே மூன்று சொல், அதே வரிசை. இரண்டு மாதம் கழித்து அவன் முக்காலியைப் பார்த்ததுமே ஷூவைக் கழட்ட ஆரம்பித்துவிட்டான். ஒரு நேரத்தில் ஒன்று, கொஞ்சம் பொறுமை, மாறாத வரிசை, திரும்பத் திரும்ப, பக்கத்தில் ஒரு ஆள் என்றுதான் வெளிநாட்டுப் பயிற்சிகளும் சொல்லிக்கொடுக்கின்றன. உங்கள் மாமியாரிடம் "இவனுக்கு மூளையில் குறை" என்று ஆரம்பிக்காமல் "அத்தை, சாயங்காலம் அரை மணி நேரம் இவனை நீங்க பாத்துக்கணும், உங்க பேச்சுக்குத்தான் நிக்கறான்" என்று கேட்டுப் பாருங்கள். அடி மட்டும் கூடாது, அதில் விட்டுக்கொடுக்காதீர்கள். அடித்த வலி நினைவிருக்கும், எதற்கு என்பது நினைவிருக்காது.

அடி பற்றி நான் இவ்வளவு கறாராக இருப்பது சும்மா இல்லை. 1996இல் சியாட்டிலில் ஆன் ஸ்ட்ரைஸ்குத் என்பவர் தலைமையில் இந்தக் குறைபாடு உள்ள 415 பேரை ஆராய்ந்தார்கள். பள்ளியிலிருந்து விலக்கப்படுவது, போலீஸில் மாட்டுவது, மனநோய், போதைப் பழக்கம் என்று வளர்ந்தபின் வந்த பல தொல்லைகள் பிறப்பிலேயே வந்தவையாக இல்லை, சுற்றி இருந்தவர்கள் புரிந்துகொள்ளாமல் போனதன் மேல் வந்தவை. சின்ன வயதிலேயே கண்டுபிடிக்கப்பட்டவர்கள், ஒரே நிலையான வீட்டில் வளர்ந்தவர்கள், வன்முறைக்கு ஆளாகாதவர்கள் நன்றாகத் தாக்குப்பிடித்தார்கள். உங்கள் பையனுக்கு வீடு ஏற்கெனவே இருக்கிறது.

பள்ளியில் எவ்வளவு சொல்வது என்பது உங்கள் கடிதத்தில் இல்லை, ஆனால் உங்கள் மனதில் இருக்கும். "மது" என்ற சொல்லை ஆசிரியர் அறையில் போட்டால் அன்று மாலையே அது வேறு வடிவத்தில் வேனுக்கு வந்துவிடும். அவனைப் பெற்றவரின் கதை அவனுடையது, பெரியவனானதும் யாரிடம் சொல்வது என்று அவன்தான் முடிவுசெய்ய வேண்டும். முதல்வருக்கும் பள்ளி ஆலோசகருக்கும் முழுமையாகச் சொல்லுங்கள், எழுத்தில் கொடுங்கள். மற்றவர்களுக்கு "பிறப்பதற்கு முன்பே மூளை வளர்ச்சியில் ஏற்பட்ட பாதிப்பு, நினைவும் வேகமும் மட்டுப்பட்டிருக்கிறது" என்பது போதும். பெயர் தெரிவதால் டீச்சரின் கை மாறப்போவதில்லை, என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தால்தான் மாறும்.

அதனால் ஒரு மணி நேரம் ஒரே முறை வேண்டாம் என்று முதல்வரிடம் கேளுங்கள். இருபது இருபது நிமிடமாக, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மூன்று நாலு தடவை. முதல் தடவை பஸ் கதை, அடுத்த தடவை "போன வாரம் எது பலித்தது, எது பலிக்கவில்லை" என்று டீச்சர்களைப் பேசவிடுவது. ஒரு தாளில் பெரிய எழுத்தில், கன்னடத்திலும் ஆங்கிலத்திலும், வேன் அண்ணனுக்குத் தமிழோ தெலுங்கோ எது வருமோ அதிலும் எழுதுங்கள்: இவனுக்கு ஒரு நேரத்தில் ஒரு வேலை சொல்லுங்கள், சொல்லிவிட்டு மனதுக்குள் பத்து எண்ணுங்கள், "இன்னும் பத்து நிமிஷம்" என்பது இவனுக்குப் புரியாது, மணல் கடிகாரத்தைக் காட்டுங்கள், பெரிய பையன்கள் இவனை ஏதாவது எடுத்துவரச் சொல்லி அனுப்பினால் தடுங்கள், யார் அன்பாகப் பேசினாலும் நம்பிவிடுவான், கத்த ஆரம்பித்தால் பேச்சை நிறுத்திவிட்டு அமைதியான இடத்துக்கு அழைத்துப் போங்கள். இவ்வளவுதான், இரண்டாம் பக்கம் வேண்டாம். ஜூன் வந்தால் கிளாஸ் டீச்சர் மாறுவார், அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து. வருடா வருடம் இது உங்களுக்கு அலுப்பாக இருக்கும், ஆனால் செய்துதான் ஆக வேண்டும்.

நீங்கள் படிக்க, கனடாவில் கேன்எஃப்ஏஎஸ்டி என்ற ஆய்வு அமைப்பு இணையத்தில் இலவச அடிப்படைப் பாடம் வைத்திருக்கிறது, ஆசிரியர்களும் எடுக்கலாம். அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு அமைப்பான சி.டி.சி.யின் தளத்திலும் பெற்றோருக்கான பகுதி உண்டு. அங்கே சொல்லும் சலுகைகள், சட்டங்கள் நமக்குப் பொருந்தாது, வழிமுறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சிறப்பு ஆசிரியர் யாரையாவது அமர்த்தினால் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வுக் கவுன்சில்) பதிவெண் இருக்கிறதா என்று பாருங்கள். அவர்கள் பதிவைப் புதுப்பிக்கத் தொடர்கல்விப் பயிற்சிகளுக்குப் போவார்கள், அதில் இதை ஒரு தலைப்பாக வைக்கச் சொல்லிக் கேட்கச் சொல்லுங்கள். கேட்கக் கேட்கத்தான் வரும். குழந்தைகள் இல்லங்களில் வேலை செய்பவர்களுக்குப் பயிற்சி தருகிற சம்வாத் அமைப்பும் நிம்ஹான்ஸில்தான் இருக்கிறது.

காகித விஷயம் ஒன்று. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் எஃப்.ஏ.எஸ்.டி. என்ற பெயர் இல்லை. பரிசோதனையில் கற்றல் குறைபாடோ அறிவுசார் குறைபாடோ தெரிந்தால் அந்தப் பெயரில்தான் சான்றிதழ் கிடைக்கும், தேர்வில் கூடுதல் நேரத்துக்கு அது உதவும். மனதுக்குக் கஷ்டமாக இருந்தாலும் வாங்கி வையுங்கள்.

இதைப் படிக்கிற பெற்ற தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. கர்ப்பம் என்று தெரிவதற்கு முன் குடித்தவர்கள் உண்டு, கிறிஸ்துமஸுக்கு வீட்டில் போட்ட திராட்சை ஒயின்தானே என்று குடித்தவர்கள் உண்டு, நிறுத்த முடியாமல் தவித்தவர்களும் உண்டு. கர்ப்பத்தில் இவ்வளவு குடித்தால் பரவாயில்லை என்று ஒரு அளவு கிடையாது. ஆனால் எந்த மாதத்தில் நிறுத்தினாலும் அதற்குப் பலன் உண்டு. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் குடிப்பதாகச் சொன்ன பெண்கள் 1.3 சதவீதம்தான், அதனால் நம் மருத்துவர்கள் கேட்பதே இல்லை. அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லுங்கள், குழந்தை பிறந்து வருடங்கள் ஆகியிருந்தாலும் சொல்லுங்கள். அந்த ஒரு வரி இல்லாமல் உங்கள் குழந்தை பல வருடம் "அடங்காதவன்" என்ற பெயரோடு அலையலாம். பேச ஆள் வேண்டுமென்றால் 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ், தமிழிலும் பேசுவார்கள். உங்களுக்கும்தான் சொல்கிறேன், கடிதத்தில் உங்கள் தூக்கம் பற்றி ஒரு வரிகூட இல்லை.

பாட்டில் விஷயத்துக்குப் பதில் சொல்லாமல் விட்டுவிட்டேன். ஒரு அடி நீள நாடா வாங்கி பாட்டிலைப் பையோடு சேர்த்துத் தைத்துவிடுங்கள், குடிக்கும்போதும் கழட்ட வேண்டாத மாதிரி. எல்லாப் பாடத்தையும் அவன் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை, சிலவற்றை நாடா பார்த்துக்கொள்ளட்டும். வேன் அண்ணனிடம் திங்கட்கிழமை அதை மட்டும் காட்டிவிட்டு வாருங்கள், தாளை அடுத்த வாரம் கொடுக்கலாம்.